பெயின்ட் கெடாமல்

பழைய படகு மோட்டாரில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் பெட்ரோலைத்தான் தேடுகிறார்கள். பிசுக்கு போகும், மறுக்கவில்லை. கூடவே பெயின்ட்டும் போய்விடும். "பட்டறையில நீங்க என்ன வேலைம்மா பாத்தீங்க, அதுல இருந்தே ஆரம்பிங்க" என்றீர்கள். வாயால் சொன்னால் நடுவில் யாராவது குறுக்கே கேட்டுக்கொண்டே இருப்பார்கள், எழுதினால் ஒழுங்காக வரும் என்று நான்தான் தாள் கேட்டு வாங்கினேன். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் தண்ணீர். வெறும் தண்ணீர், வேகமில்லாமல் ஊற்ற வேண்டும். கடலில் ஓடிய மோட்டாரின் பிசுக்குக்குள் உப்பு பொடிப்பொடியாக உட்கார்ந்திருக்கும். அதைக் கரைக்காமல் துணியை வைத்துத் தேய்த்தால் பெயின்ட் முழுக்கக் கீறல் விழும். தண்ணீர் விடுவதற்கு முன்னால் காற்று இழுக்கும் வாயையும் வயர்கள் சேரும் இடத்தையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட வேண்டும். கெட்டியான கிரீஸை மரக்குச்சியால் வழித்தெடுக்கலாம். ஸ்க்ரூடிரைவர் பக்கம் போகவே கூடாது. பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கீழிருந்து மேலாகப் பூச வேண்டும். மேலிருந்து பூசினால் வழிந்த கோடுகள் அப்படியே கறையாக நின்றுவிடும். அலசும்போது மட்டும் மேலிருந்து கீழே. அதற்கும் மசியாத இடம் இருந்தால் துணியின் ஓரத்தில் மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி எடுத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிடலாம். எதையும் முதலில் மூடியின் உள்விளிம்பில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் செய்து பார்ப்பது நல்லது. துணியில் நிறம் லேசாக ஏறினாலும் கை நின்றுவிட வேண்டும். பிசுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். பெயின்ட் திரும்ப வராது.

கடைசியில் மெழுகு. மெல்லியதாக, பூசியதே தெரியாத மாதிரி.

உங்கள் எழுத்தர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் என் ஸ்கூட்டருக்கும் ஆகுமாம்மா?" என்று கேட்டார். ஆகும் என்றேன். ஸ்டிக்கரை மட்டும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கச் சொன்னேன். ஓரத்திலிருந்து துடைத்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நல்ல மனிதர். தேநீரும் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போய்விட்டது, அவர் மேல் தப்பில்லை.

எங்கள் பட்டறை படகுத்துறைக்கு இறங்கும் சரிவில், வலப்பக்கம் இருக்கிறது. தகரக் கூரை, சிமென்ட் தரை, சுவரோரம் மரச் சட்டங்கள். அந்தச் சட்டங்களில்தான் மோட்டார்களை மாட்டி வைப்போம். என் கணவர் பழைய மோட்டார்களை எங்கெங்கோ போய் வாங்கிவருவார். அவருடைய தம்பி அவற்றின் உள்ளே இருப்பதைச் சரிசெய்வான். வெளியே இருப்பது என் பொறுப்பு. வாங்க வருகிறவர்கள் முதலில் பெயின்ட்டைத்தான் பார்ப்பார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த மோட்டார் என்றால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கம்பெனியில் அடித்த பழைய பெயின்ட், வெளுத்தாலும் பரவாயில்லை, அதுதான் வேண்டும். அதனால் என் வேலையைக் கடைசி வேலை என்று யாரும் நினைத்ததில்லை.

என் கணவரின் தம்பியைத் துறையில் எல்லோரும் மெக்கானிக் என்பார்கள். எனக்கும் அவன் தம்பிதான். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். என் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு துறை முழுக்கச் சுற்றிக்காட்டியவனும் அவன்தான். இதையெல்லாம் எழுதுவதால் என் மேல் இரக்கம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றீர்கள், சொல்கிறேன்.

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. நான் ஒரு மோட்டாரோடு குனிந்து உட்கார்ந்தால் போதும், தொடங்கிவிடுவார்.

"ஏன்டா, உங்க அண்ணி என்னிக்காவது எனக்கு முதுகு தேச்சு விட்டிருக்காளா? இந்த இரும்புக்குப் பாரு, வெந்நீர் என்ன, சோப்பு என்ன!"

"உங்களைத் தேச்சா பெயின்ட் போயிடும்ணே. அதான் அண்ணி பயப்படறாங்க."

"ஏற்கெனவே தலையில பாதி போயிடுச்சுடா."

மூன்று பேரும் சிரித்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம். அதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த நீல மோட்டார் வந்தது மகள் கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்த வருடம். வந்தபோது அது நீலம் என்றே தெரியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் பத்துப் பதினைந்து வருடத்து கிரீஸை அதன் மேலேயே சேர்த்துவைத்திருந்தான். குச்சியால் வழித்த இடத்தில் முதல்முறை அந்த நிறம் எட்டிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்குப் பிறகு மற்ற மோட்டார்களை ஓரம்கட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்தேன். வாங்குகிற ஆள் வருவதாகச் சொன்ன காலையில் அது தலையிலிருந்து கால்வரை பளபளவென்று நின்றது. ஓர் இடம் விடவில்லை. படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், அதன் இரண்டு திருகுகள், திருகு முனையில் பலகையை அழுத்தும் வட்ட வில்லைகள், எல்லாவற்றிலும் கறுப்புத் தார் மாதிரி ஒன்று படிந்திருந்தது. அதையும் எடுத்து, மெழுகு போட்டேன். வாங்குகிறவர்கள் குனிந்து அங்கேயும் பார்ப்பார்கள்.

வில்லையைச் சுத்தம் செய்யக் கூடாது என்று யாரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொண்டால் நல்லது.

ஆள் வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் என் கணவர். தம்பி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் மாட்டி, திருகுகளை இறுக்கினான். மோட்டார் தவறி விழுந்தால் தாங்குவதற்கு ஒரு சங்கிலி உண்டு. அன்று அது என்னுடைய தகர டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, சங்கிலி!" என்று தம்பி கத்தினான்.

"உங்க அண்ணி அதையும் குளிப்பாட்டிட்டு இருக்கா. விடுடா, நகையெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போகணுமா? நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்!"

பட்டறை வாசலில் நின்றிருந்த எனக்கும் கேட்டது. நானும் சிரித்தேன்.

படகு துறையைத் தாண்டி வேகம் எடுத்தது. திரும்பும்போது மோட்டார் பலகையை விட்டு மேலே ஏறி, படகுக்குள்ளே திரும்பியது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார். அதற்கு மேல் நான் எழுதவில்லை. தம்பி போட்டிருந்த துணியோடு குதித்தான். அவரைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தபோது செய்வதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

மோட்டாரைப் பிறகு கயிறு கட்டி இழுத்தார்கள். படிக்கட்டில் கிடத்தியிருந்தார்கள். தம்பி அதன் பக்கத்தில் உட்கார்ந்து கிளாம்ப்பைப் பார்த்தான். கட்டைவிரலால் ஒரு வில்லையைத் தடவினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, கூடியிருந்தவர்களிடம் சொன்னான்: "நான்தான் சரியா இறுக்கலை."

அவனே சொன்னது. நான் யார் மேலும் கைகாட்டவில்லை. அதற்குப் பிறகு உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து கேட்டபோதும் அதையே சொன்னான். கையெழுத்தும் போட்டான். என்னிடம், "அண்ணி, சத்தம் போட்டு அழுதுடுங்க" என்று மட்டும் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பு அன்று வந்து உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்து போகவில்லை.

மகள் வந்தாள். அவளை எல்லோரும் பாப்பா என்போம், அவளுக்கு அப்போதே கல்யாண வயது. வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தப்பாவைத்தான் தேடினாள். அவன் கூடத்தில் சுவரோரமாக நின்றிருந்தான்.

"எங்க அப்பாவைக் கொன்னுட்டு, எங்க வீட்டுலயே வந்து நிக்கிறீங்களா?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்க வீட்டில் தலையைக் குனிந்துகொள்வது யாரும் செய்வதுதான்.

அன்றிலிருந்து அவன் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான். நான் தினமும் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பாப்பா தொலைபேசியில் பேசும்போது அவன் பேரை எடுத்தாலே வைத்துவிடுவாள். "அந்த ஆளுக்கு ஏம்மா இன்னும் சோறு போடறே? நீ ரொம்ப நல்லவம்மா, அதான் உன் பிரச்சினை" என்பாள். வாரம் தவறாமல் பேசுவாள். படிப்பு முடிந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அப்பா போனபின் அவளுக்கு நான்தான் எல்லாம். எனக்கும் அந்த ஒரு குரல்தான். வாரம் ஒருமுறை அந்தக் குரலைக் கேட்பதற்காகத்தான் தினமும் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

துறைக்காரர்கள் தம்பிக்குப் பேர் வைத்தார்கள். லூஸு. "என்ன லூஸு, இன்னிக்காவது டைட்டா இருக்கா?" என்று படகிலிருந்தே கேட்பார்கள். அவனும் சிரித்தபடி கையைத் தூக்கிக் காட்டுவான். வேலை மட்டும் எப்போதும் போல வந்துகொண்டிருந்தது. சில புதிய பழக்கங்களை வைத்துக்கொண்டான். வில்லைகளை அவனே உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவான். "அண்ணி, இதுல மட்டும் நீங்க கை வைக்க வேணாம். இது குளிக்காத சாமியார், அழுக்கா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று, சிரிப்பு வரும்படியாகத்தான் சொன்னான். ஒவ்வொரு மோட்டாரையும் மாட்டும் முன் வில்லையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான். முகம் சிவக்க இறுக்குவான். சங்கிலியை மாட்டி இழுத்துப் பார்ப்பான். ஒரு சின்னச் சுற்று போய்விட்டு, நிறுத்தி, மறுபடி இறுக்குவான். ஒரு தப்பு செய்தவன் அதற்குப் பிறகு ஜாக்கிரதையாக இருப்பது இயற்கை. நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்படியே காலம் போயிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

தையல்காரி வந்தது மோட்டார்களுக்கு உறை தைக்க. கெட்டித் துணியில் படகு உறை, மோட்டார் உறை எல்லாம் தைக்கிற பெண். நீங்கள் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். அளவு எடுக்க டேப்பை நீட்டிக்கொண்டு, "அக்கா, இந்த மாப்பிள்ளைக்கு இடுப்பளவு என்ன?" என்று ஒரு மோட்டாரைக் காட்டிக் கேட்டாள். தம்பி அந்தப் பக்கம் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் எந்த மோட்டாரின் அளவோ தப்பாகிவிட்டது என்று மறுபடி வந்தாள். அதற்கு அடுத்த வாரமும் ஏதோ ஒன்று தப்பானது.

"இந்தப் பொண்ணுக்கு டேப்பே படிக்கத் தெரியாது போலிருக்கேடா" என்றேன்.

"தெரியும் அண்ணி. நல்லாத் தெரியும்" என்றான். காது சிவந்திருந்தது.

நான் தடை சொல்லவில்லை. அவனுக்கென்று ஒரு வீடு வேண்டாமா? நானே போய்ப் பேசுவதாகக்கூடச் சொன்னேன். அவன்தான், "முதல்ல நான் பேசிட்டு வரேன்" என்று போனான்.

திரும்பி வந்தான். மதியம். நான் ஒரு மோட்டாரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை மூடி, சிவப்புக் கோடு போட்டது. தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"அவங்க அப்பா ஒரு கேள்வி கேட்டாரு அண்ணி. சொந்த அண்ணனையே கவனமில்லாமப் பறிகொடுத்தவனை நம்பி எப்படிப் பொண்ணு குடுக்கறதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. அவர் கேட்டதுல தப்பில்லையே."

நான் துடைப்பதை நிறுத்தவில்லை. சோப்பு காய்ந்தால் வட்டம் வட்டமாக நின்றுவிடும்.

"ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம் அண்ணி. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடறேன். அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா. அப்புறம் நம்ம பாப்பாகிட்ட. அவ என்னைச் சித்தப்பான்னு கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு."

"என்னத்தைச் சொல்லப் போறே?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "உங்க மேல தப்புன்னு சொல்ல மாட்டேன் அண்ணி. தெரியாம நடந்துதுன்னுதான் சொல்வேன். தெரியாமத்தானே நடந்துது? வில்லையில கை வைக்கக் கூடாதுன்னு நான் உங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும். அந்தத் தப்பு என்னோடதுதான்" என்றான்.

"நீ சரியா இறுக்கலைன்னு நீதானே தம்பி சொன்னே?"

"ஆமா அண்ணி. நான்தான் சொன்னேன்."

எவ்வளவு மெதுவாகச் சொன்னான் என்றால், தகரத்தின் மேல் காக்கை நடக்கிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

மனிதர்கள் களைத்துப்போனால் சுமையை இறக்கிவைக்க இடம் தேடுவார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் சுமந்துவிட்டுப் பாதியில் ஏன் இறக்குகிறான் என்றுதான் தோன்றியது. இறக்குகிறவன் என் மகளின் காதில் கொண்டுபோய் இறக்கப் போகிறான். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். என்னைப் போலவே அமைதியான பெண். "தெரியாமத்தானேம்மா, விடு" என்றுகூடச் சொல்வாள். ஆனால் அடுத்த வாரம் தொலைபேசி மணி அடிக்கும்போது அவள் யாரிடம் பேசுவாள்? அவளுடைய அப்பாவைத் துடைத்துப்போட்டவளிடம். அதை நான் ஆற அமர யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு அப்பா ஏற்கெனவே இல்லை. அம்மாவையும் அவளிடமிருந்து பறிப்பது நியாயமாகப் படவில்லை. சித்தப்பா என்று ஒருவர் அவளுக்கு எப்போதோ இல்லாமல் போய்விட்டார். புதிதாக அவள் இழக்க அங்கே ஒன்றுமில்லை.

"பாப்பா லீவுக்கு வரா இல்லையா, அப்ப நேர்லயே சொல்லிக்கலாம். போன்ல வேணாம். அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "சரி அண்ணி. நீங்களும் பக்கத்துல இருக்கணும்" என்றான். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

இனி நீங்கள் கேட்ட பகுதி.

மோட்டாரில் நான் கை வைக்கவில்லை. அவன் மோட்டாரை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பவன். படகைப் பார்க்க மாட்டான். ஓட்டிப் பார்ப்பதற்கென்று எங்களிடம் ஒரே படகுதான். அதன் பின்பலகையில், வில்லைகள் பதிந்து பதிந்து இரண்டு குழிகள் விழுந்திருந்தன. படகைக் கழுவுகிற சாக்கில் பலகையைச் சோப்பு நீரால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, குழிகளில் மெழுகை நிரப்பினேன். உள்பக்கமும் வெளிப்பக்கமும் பூசிப் பூசித் தேய்த்தேன். மரத்தின் நிறம் மாறாமல், பளபளப்பு தெரியாமல் கொண்டுவருவதற்கு மெனக்கெட வேண்டியிருந்தது. அதுதான் என் கையில் இருக்கிற ஒரே வித்தை.

சங்கிலியைப் படகோடு சேர்க்கும் வளையத்தில் ஒரு திருகாணி உண்டு. அது துருவேறி இறுகிப்போய், யாரும் கழற்ற முடியாதபடி இருந்தது. கழற்ற முடியாததால் அதை யாரும் கவனிப்பதும் இல்லை. நான் துருவை எடுத்து, எண்ணெய் விட்டு, விரலால் திருப்பினால் திரும்பும்படி, ஓடும் அதிர்வில் தானே கழலும்படி செய்துவைத்தேன். மேலே கொஞ்சம் பழைய பிசுக்கைத் தடவி முன்பிருந்த மாதிரியே ஆக்கினேன். அழுக்கு எடுப்பவளுக்கு அழுக்கு வைக்கவும் தெரியும். அதைச் செய்தபோதுதான் மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதுவரை எதன்மேலும் நான் அழுக்கு வைத்ததில்லை.

பாப்பா லீவுக்கு வருவதற்கு முன்பே, ஒரு காலையில் அந்த வெள்ளை மூடி மோட்டாரை மாட்டினான். வில்லைகளைத் தடவிப் பார்த்தான், சொரசொரப்பாகத்தான் இருந்தன. இறுக்கினான். சங்கிலியை இழுத்துப் பார்த்தான். தையல்காரி உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றிருந்தாள். "நானும் ஒரு சுத்து வரேனே" என்று ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள்.

"வேணாம்மா, இறங்கு. இப்பத்தான் பிரிச்சு மாட்டின மோட்டாரு, எண்ணெய் தெறிக்கும். புடவை பாழாயிடும்" என்றேன்.

"நான் என்ன பட்டுப்புடவையா கட்டியிருக்கேன்?"

"சொன்னாக் கேளு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

தம்பி சிரித்தான். "இறங்கிடு. கறைன்னா அண்ணிக்கு ஆகவே ஆகாது" என்றான்.

அவள் இறங்கினாள். இன்று உயிரோடு இருக்கிறாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்மனசுக்காரி என்று சொல்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சின்னச் சுற்று போனான். நிறுத்தினான். குனிந்து மறுபடி இறுக்கினான். நிமிர்ந்து எங்களுக்குக் கட்டைவிரலைக் காட்டினான். பிறகு வேகம் எடுத்தான். நான் பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். ஒருமுறை பார்த்ததை மறுபடி நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஓடுகிற மோட்டார் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் ஓலமிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் குரல். குதிப்பதற்கு இந்தத் தடவை யாரும் இல்லை.

சாவு வீட்டில் பாப்பா வந்து நின்றாள். அழவில்லை. ஆனால் வாசலில் ஓரமாக உட்கார்ந்திருந்த தையல்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் வந்து, "அக்கா என்னை மட்டும் இழுத்து இறக்கினாங்க" என்று அந்தப் பெண் சொன்னது அதற்கு மறுநாள் என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் ஆள் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, என் முன்னால் வைத்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மரத்தில் ஊறாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நன்றாகப் பூசியிருந்தேன். எனக்கே தெரிந்தது. மறுத்துப் பேசுவதற்கு அப்போது எனக்குக் காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆகவே, தம்பியை நான்தான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, என் கையால் செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். காரணம் கேட்டால், அவன் கவனமில்லாமல் என் கணவரைச் சாகவிட்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள். துறையில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் இன்று காலையில் இன்னொன்று கேட்டீர்கள். "அவரு ரெண்டாவது தரமும் நிறுத்தி இறுக்கினதை அந்தப் பொண்ணு பாத்திருக்கா. அவ்வளவு இறுக்கியும் மெழுகு இருந்தா மோட்டார் கழண்டு வரும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சந்தேகமாத்தான் சொல்றான். நீங்க மட்டும் இவ்வளவு உறுதியா எப்படி இருந்தீங்க?" என்றீர்கள். நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தீர்கள். குடித்தேன். நீங்களும் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக நான் முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன். மேலே கோடு போட்டு அடித்திருப்பது அதுதான். படித்துப் பார்த்தால் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் இருந்தது. பாப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுத்தர் சொன்னார். நான் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பாளாம், அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இந்தக் கடைசித் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அவளிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். சரி.

தம்பி நன்றாகத்தான் இறுக்கினான். வெள்ளை மூடி மோட்டாரையும், அன்று அந்த நீல மோட்டாரையும்.